பேசாப்படத் திரையிடலுக்குக் குடமும் உடுக்கையும் வாசிப்பவர்கள் தேவை

அன்பர்களுக்கு வணக்கம். தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வாசகர் வட்டம், வரும் மே விடுமுறையில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் நடித்த 'தி ஜெனரல்' (1926), 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) ஆகிய பேசாப்படங்களை மாணவர்களுக்குத் திரையிட உள்ளது. புயலில் வீட்டின் முகப்பு முழுவதுமாகச் சாய்ந்து விழ, மேல்தளச் சன்னலின் திறப்பு கீட்டன் நின்ற இடத்தில் பொருந்திவிட, அவர் காயமின்றி நிற்கும் காட்சியைக் கைப்பேசியில் துணுக்காகப் பார்த்தவர்கள், பெரிய திரையில் பலரோடு அமர்ந்து பார்க்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

முதலாவது ஐயம் வேகத்தைப் பற்றியது. அக்காலத்தில் கேமராவைப் பெரும்பாலும் கையால் சுழற்றியதால் வேகம் ஒரே சீராக இருந்ததில்லை; வினாடிக்கு 18 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) வீதம் எடுத்ததை 24 வீதம் ஓட்டினால் நடை ஓட்டமாகி, நடிப்பின் நுட்பம் போய் வெறும் துள்ளலே மிஞ்சும். சரியான வேகத்தில் அமைந்த பிரதி எது என்று அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இந்தியாவில் திரைப்படப் பதிப்புரிமை 60 ஆண்டுகளில் முடிந்தாலும், பின்னாளில் சேர்த்த இசைக்குத் தனியுரிமை இருக்கக்கூடும் என்பதால், ஒலியை நிறுத்திவிட்டு நேரடி இசையுடன் காட்ட முடிவு செய்துள்ளோம். வில்லிசைக் கலைஞராகத் தொடங்கிய கலைவாணர் பிறந்த மாவட்டத்தில் வேறு வாத்தியம் தேடுவானேன்? குடம், உடுக்கை வாசிப்பவர்களும், இடையிடையே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழில் ஏற்ற இறக்கத்தோடு சொல்ல வல்லவரும் தேவை. சன்மானம் சிறிதே, பயணச் செலவும் உணவும் எங்கள் பொறுப்பு.