நேர்காணலில் உண்மையான ஆர்வத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மார்த்தாண்டம் பக்கம் சின்னதாக ஒரு தேன் பேக்கிங் யூனிட் நடத்துகிறேன். ஆறு மாதத்தில் நான்கு பேரை எடுத்தேன். மூன்று பேர் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. நேர்காணலில் அந்த மூவரும் "ரொம்ப ஆர்வம் சார்" என்றவர்கள்தான். நான்காவது பையன் குனிந்த தலை நிமிராமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். வேறு ஆள் கிடைக்காமல்தான் எடுத்தேன். இன்று பாட்டில் கழுத்தில் வழிந்த தேனை ஈரத்துணியால் துடைக்காமல் அவன் லேபிள் ஒட்டுவதில்லை.

பழைய முதலாளிகளிடம் போனில் விசாரித்தேன். அரை நாள் வேலை கொடுத்தும் பார்த்தேன். அன்றைக்கு எல்லோரும் நன்றாகத்தான் செய்கிறார்கள். 'ஏன் இந்த வேலை?' என்றால் மனப்பாடப் பதில்.

ரப்பர் தளிர்க்கும் மாசி, பங்குனியில் தேன் வரத்து கூடும். அதற்குள் இரண்டு பேர் வேண்டும். ஆள் எடுத்துப் பழகியவர்களே, கூச்சக்காரர்களைத் தள்ளிவிடாமல் உண்மையான அக்கறையை அறிய நேர்காணலில் என்ன கேட்கிறீர்கள்?