எட்டாம் தலைமுறை ஐ3 இருந்தும் விண்டோஸ் 11 ஏறாது என்கிறது: எங்கே பார்ப்பது?

எம்.சி.ரோடு கணக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அப்பா நடத்தும் ஜவுளி மொத்தக் கடையின் கணக்குகளை நான் பார்த்து வருகிறேன். கடையில் 2018-இல் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. வீட்டில் அதைவிடப் பழைய மடிக்கணினி ஒன்றைத் தம்பி பயன்படுத்துகிறான். இரண்டிலும் விண்டோஸ் 10 தான். அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டதால், விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பார்க்கத் தொடங்கினேன்.

டெஸ்க்டாப்பில் இருப்பது இன்டெல் கோர் ஐ3-8100 பிராசசர், எச்310 மதர்போர்டு, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ரேம் 4 ஜிபி. சிஸ்டம் பக்கத்தில் அதற்கு நேராக 3.4 ஜிபி பயன்படுத்தத்தக்கது என்று காட்டுகிறது. மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை இறக்கி ஓட்டியபோது, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) வசதி வேண்டும், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி) இயங்க வேண்டும் என்ற இரண்டுக்கும் எதிரே சிவப்புக் குறி போட்டு, இந்தக் கணினி தகுதியற்றது என்று சொல்லிவிட்டது. பிராசசர் வரிக்கு மட்டும் பச்சைக் குறி. சிஸ்டம் இன்பர்மேஷனில் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) மோடு என்ற இடத்தில் லெகசி, அதாவது பழைய முறை, என்று இருக்கிறது. டிஸ்க்கில் சி, டி, ஈ என மூன்று டிரைவ்கள் உள்ளன.

மடிக்கணினியில் ஐ5-6200யூ பிராசசரும் 8 ஜிபி ரேமும் உள்ளன. அங்கே டிபிஎம் 2.0 இருப்பதாகவே காட்டுகிறது, ஆனால் பிராசசர் ஆதரிக்கப்படவில்லை என்கிறது. குறைந்தபட்சத் தேவை 1 கிகாஹெர்ட்ஸ், 2 கோர் என்று மைக்ரோசாப்டே எழுதியிருக்கும்போது, 2.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர் பிராசசர் ஏன் தள்ளுபடியாகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

கடைக்கு வந்து பார்த்த சர்வீஸ்காரர் இரண்டையும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார். தீபாவளிக் கொள்முதல் நேரத்தில் அந்தச் செலவை அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். கடையில் டாலி என்ற கணக்கு மென்பொருளும், அப்பா பல காலமாக விடாமல் வைத்திருக்கும் ஒரு பழைய பில்லிங் மென்பொருளும் ஓடுகின்றன. பில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில்தான் அடிக்கப்படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தண்டையார்பேட்டை சர்வீஸ் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். டெஸ்க்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போட வேண்டாம். தகுதியற்றது என்று செயலி சொல்வதில் இரண்டு வகை உண்டு: பொருளே இல்லாததால் தகுதியற்றது, பொருள் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதால் தகுதியற்றது. செயலி இரண்டுக்கும் ஒரே சிவப்புக் குறியைத்தான் போடும். உங்கள் டெஸ்க்டாப் இரண்டாம் வகை. ஐ3-8100 மைக்ரோசாப்டின் பட்டியலிலேயே இருக்கும் பிராசசர். இன்டெல்லில், ஒரு சில விதிவிலக்குகளை விட்டுவிட்டால், எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையை ஒட்டித் தொடங்குகிறது.

டிபிஎம் என்றதும் தனியாக ஒரு சிப் வாங்கிச் செருக வேண்டும் என்று பலர் கணினிப் பொருள் விற்கும் ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எட்டாம் தலைமுறை இன்டெல் போர்டுகளில் அந்த வேலையை சிப்செட்டின் ஃபர்ம்வேரே செய்துவிடும். அதற்கு இன்டெல் வைத்திருக்கும் பெயர் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி, சுருக்கமாகப் பிடிடி. அசெம்பிள் செய்த போர்டுகள் பலவற்றில் இது அணைக்கப்பட்ட நிலையிலேயே வந்தது. கணினி தொடங்கும்போது டெலிட் விசையை அழுத்திக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். சில போர்டுகளில் அட்வான்ஸ்டு பகுதியிலும், சிலவற்றில் செக்யூரிட்டி பகுதியிலும் இருக்கும். அதை இயக்கிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பி, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று கொடுத்தால், முன்பு பொருத்தமான டிபிஎம் இல்லை என்று சொன்ன அதே பெட்டி இப்போது ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0 என்று காட்டும்.

செக்யூர் பூட் விஷயம் இதைவிடச் சிக்கலானது. பயாஸ் மோடு லெகசி என்றால் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறையில் இருக்கும். அப்படி இருக்கும்போது பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் தொடங்க விடும் வசதி) என்பதை அணைத்து யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றினால், விண்டோஸ் எழும்பாது. டிஸ்க் போய்விட்டது என்று பதறி ஓடி வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பகுப்பு முறைக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் பயாஸைத் தொட வேண்டும். இதற்காக விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனால் டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (உள்ளே வேறு டிரைவ்களை வைக்கும் பகுதி) இருந்தாலோ அது மறுத்துவிடும். நம் ஊரில் அசெம்பிள் செய்பவர்களுக்கு சி, டி, ஈ என்று கூறு போடாவிட்டால் மனம் ஆறாது. கண்ணுக்குத் தெரியாத சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியையும் சேர்த்தால் உங்களுக்கு நான்கு ஆகிவிடுகிறது. அந்த நான்காவது எக்ஸ்டெண்டடுக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்து பாருங்கள்: ஈ டிரைவைச் சுற்றிப் பச்சை நிறக் கட்டம் இருந்தால் அது எக்ஸ்டெண்டட். அதில் இருப்பதை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு அந்தப் பார்ட்டிஷனை நீக்கிய பின்பே கருவியை ஓட்ட வேண்டும். டேட்டாவை அழிக்காது என்றாலும், டாலி பேக்கப் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

மற்றபடி 64 ஜிபி இடம், 4 ஜிபி ரேம் என்ற தேவைகள் உங்களிடம் உள்ளன. 4 ஜிபியில் ஏறும், ஆனால் டாலியையும் பிரௌசரையும் ஒன்றாகத் திறந்தால் திணறும். ஒரு எஸ்எஸ்டியும் (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டுக்கொள்வது புதிய கணினி வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

மண்ணடி இரும்புக்கடை எழுதியது:

மேலே அண்ணன் சொன்ன எதையும் செய்வதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். 4 ஜிபியில் 3.4 ஜிபிதான் பயன்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 64 பிட் விண்டோஸில் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு ஒதுக்கியது போக 3.8 அல்லது 3.9 ஜிபி வரை காட்டுவதுதான் வழக்கம். உங்கள் கணக்கில் அரை ஜிபிக்கு மேல் காணாமல் போயிருப்பதையும், பழைய பில்லிங் மென்பொருள் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கணினியில் ஏறியிருப்பது பழைய வகையான 32 பிட் விண்டோஸ் 10 என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் கடையிலும் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங் ஓடிக்கொண்டிருந்ததால் இது உடனே கண்ணில் பட்டது. 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடாது என்பதற்காகவே, 64 பிட் பிராசசரில் 32 பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுப்பது அசெம்பிள் செய்பவர்களிடம் இருந்த பழக்கம். சிஸ்டம் பக்கத்தில் சிஸ்டம் டைப் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்.

அது 32 பிட் என்றால் இரண்டு விஷயங்கள் மாறிவிடும். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருவதால் இருக்கிற விண்டோஸின் மேலேயே அப்கிரேடு செய்ய முடியாது; புதிதாக நிறுவியாக வேண்டும். அடுத்து, 32 பிட் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றிவிட்டு யூஇஎஃப்ஐ-க்குப் போனால், இந்தப் போர்டுகளின் ஃபர்ம்வேர் 64 பிட் என்பதால், அந்த விண்டோஸ் எழும்பவே எழும்பாது. கடை திறக்கும் நேரத்தில் பில் போட முடியாமல் நிற்பீர்கள்.

பில்லிங் மென்பொருளுக்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இலவச எமுலேட்டர் இருக்கிறது. டாஸ் நிரலை அதற்குள் ஓட்டலாம், அச்சிடவும் வழி உண்டு. பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் கிடைக்காவிட்டால், விண்டோஸிலேயே இருக்கும் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவர் சாதாரண பில்லுக்குப் போதும். கட்டம், கோடு போட்ட பில் என்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும். இவை இரண்டையும் ஏதாவது ஒரு 64 பிட் கணினியில் சோதித்த பிறகுதான் கடைக் கணினியை மாற்ற வேண்டும். கணினியில் விண்டோஸ் ஏறுமா என்பதைவிட, அந்த விண்டோஸில் உங்கள் பில் ஏறுமா என்பதுதான் கல்லாவில் உட்காருபவருக்கு முக்கியம்.

வியாசை லினக்ஸ் எழுதியது:

மடிக்கணினியைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். 1 கிகாஹெர்ட்ஸ், 2 கோர் என்ற வரியோடு, ஆதரிக்கப்படும் பிராசசர் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. பலர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். உங்கள் ஐ5-6200யூ சேர்ந்த ஆறாம் தலைமுறை அந்தப் பட்டியலில் இல்லை. தகுதிக்கு உட்படாத கணினிகளில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மட்டச் செயலிழப்புகள் 52 சதவீதம் அதிகமாக இருந்தன என்று 2021-இல் மைக்ரோசாப்ட் காரணம் சொன்னது. தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு: விண்டோஸ் 11 விரும்பும் மெமரி பாதுகாப்புக்கு உதவும் வன்பொருள் வசதி ஏழாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல்லில் வருகிறது, ஆறாம் தலைமுறையில் அதை மென்பொருளாலேயே ஈடுகட்ட வேண்டியிருப்பதால் வேகம் குறையும். ஏழாம் தலைமுறையையும் ஏன் பெரும்பாலும் ஒதுக்கினார்கள் என்று கேட்டால், அதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை.

ரூஃபஸ் என்ற கருவியால் பென் டிரைவ் தயாரித்து, சோதனைகளைத் தாண்டி நிறுவ முடியும். உங்கள் பிராசசரில் அது ஓடவும் செய்யும். ஆனால் அப்டேட்டுகளுக்கு மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தராது. ஆண்டுக்கொரு முறை வரும் புதிய பதிப்பும் தானாக வந்து சேராது, ஒவ்வொரு முறையும் நீங்களே பென் டிரைவோடு உட்கார வேண்டும். பொழுதுபோக்குக்குச் செய்பவர் செய்யலாம். வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டியும் திறக்கும் மடிக்கணினியில் நான் செய்ய மாட்டேன்.

உடனடியாக வேண்டுவது அவகாசம் என்றால், வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைப் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணமில்லாமல் சேரலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும். அதன் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் 22 என்ற இலவச இயங்குதளம். இதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தால் நன்றாக ஓடும், உங்களிடம் 8 இருக்கிறது. நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, வெப்கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று தம்பியையே பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். டாலி மட்டும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அது கடையிலேயே இருக்கட்டும்.

எம்.சி.ரோடு கணக்கு எழுதியது:

மிக்க நன்றி. மண்ணடி அண்ணன் ஊகித்தது சரி. சிஸ்டம் டைப் வரியில் 32 பிட் இயங்குதளம், எக்ஸ்64 பிராசசர் என்று இருக்கிறது. ஈ டிரைவைச் சுற்றிப் பச்சைக் கட்டமும் இருக்கிறது. பில்லிங் மென்பொருளைப் பக்கத்துக் கடைக் கணினியில் டாஸ்பாக்ஸ்-எக்ஸில் ஓட்டிப் பார்த்தோம். திறக்கிறது, பில்லும் வருகிறது, தலைப்பில் இருக்கும் கோடுகள் மட்டும் கேள்விக்குறிகளாக அச்சாகின்றன. கோடு இல்லாவிட்டால் பரவாயில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவுவதாக முடிவு செய்திருக்கிறோம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அப்படியே வைத்துவிட்டால், எம்பிஆர்2ஜிபிடி வேலையே தேவைப்படாது அல்லவா? லைசென்ஸ் மறுபடி வாங்க வேண்டுமா? மடிக்கணினியை அந்த நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டோம்.

தண்டையார்பேட்டை சர்வீஸ் எழுதியது:

ஆம், தேவைப்படாது. பயாஸில் சிஎஸ்எம்-ஐ அணைத்து, பிடிடியை இயக்கிவிட்டு, வெற்று எஸ்எஸ்டியில் நிறுவினால் விண்டோஸ் தானாகவே ஜிபிடியாக அமைத்துக்கொள்ளும். விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால், அதே மதர்போர்டில் அதே பதிப்பைப் போடும்போது லைசென்ஸ் தானாக வந்துவிடும். 32 பிட், 64 பிட் என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது. ஹோம் இருந்தால் ஹோமையே தேர்ந்தெடுங்கள்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி வைப்பது நல்ல முடிவு. ஆனால் சிக்கல் வந்து அதை மறுபடி மாட்டினால், பயாஸில் சிஎஸ்எம்-ஐத் திரும்ப இயக்கினால்தான் அது எழும்பும் என்பதை ஒரு சீட்டில் எழுதி டிஸ்க்கின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

கேபினட்டைத் திறக்கும்போதே மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். எம்.சி. ரோட்டில் கடை சாத்தும்போது மெயினையே இறக்கிவிடுவது வழக்கம் என்பதால், இரவு முழுவதும் பயாஸ் அந்த பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. 2018-இல் போட்டது இந்நேரம் தளர்ந்திருக்கும். அது தீர்ந்தால் பயாஸ் தொடக்க அமைப்புக்குத் திரும்பி, சிஎஸ்எம் மறுபடி இயங்கி, பிடிடி அணைந்து, ஒருநாள் காலையில் விண்டோஸ் எழும்பாமல் நிற்கும். தேதியும் பழைய ஆண்டுக்குப் போய்விடும் என்பதால், பில்லில் தப்பான தேதி விழுந்தால் முதலில் அந்த பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.