முதல் நாள் உதவி: ஒரு பெட்டி வரவில்லை, இ-சிம்மில் நெட் இல்லை, அறை பிற்பகல் 3 மணிக்குத்தான்

வான்குருவி (கேள்வி)

காலை 6:40-க்கு இறங்கினோம். குடியேற்றச் சோதனை முடிந்து பெட்டி வரும் பெல்ட் முன்னால் நிற்கிறோம், விமான நிலைய வைஃபையில் எழுதுகிறேன். நான், கணவர், மாமியார், 6 வயது மகள், 14 மாதக் குழந்தை. வழியில் ஒரு விமானம் மாறினோம். இங்கே மணி வீட்டைவிட 8 மணி நேரம் முன்னால்.

ஐந்து பெட்டியில் நான்குதான் வந்தன. குழந்தையின் பால்பவுடரும் மாற்றுத் துணியும் வராத பெட்டியில் இருக்கின்றன. தள்ளுவண்டியும் காணோம். பயண இ-சிம்மில் (அட்டை இல்லாமல் க்யூஆர் மூலம் போனிலேயே ஏற்றும் சிம்) சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, நெட் மட்டும் ஓடவில்லை. அழித்துவிட்டு மறுபடி போடலாமா? ஓட்டலில் அறை 3 மணிக்குத்தான் தருவார்கள். அதுவரை பிள்ளைகளைத் தூங்க விடலாமா? முதலில் ஓட்டலுக்குப் போய்விட்டு, பெட்டிக்கு அங்கிருந்து போன் செய்துகொள்ளலாமா?

வழித்துணை

போகாதீர்கள் சகோதரி. சுங்க வாசலைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான இடங்களில் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மற்ற எல்லாவற்றையும் ஓட்டலிலிருந்து சரிசெய்யலாம். பெட்டிப் புகாரை மட்டும் இங்கேயே முடித்துவிடுங்கள்.

முதலில் பெரிய சாமான்களுக்கான தனி பெல்ட்டைப் பாருங்கள். தள்ளுவண்டி, கார் இருக்கை, கட்டில் மாதிரியான சாமான்கள் சாதாரண பெல்ட்டில் வராது, ஓரத்தில் ஒரு தனிக் கதவு வழியாக வரும். பெட்டியும் அங்கே இல்லையென்றால், கடைசியாக ஏறிய விமானம் எந்த நிறுவனத்துடையதோ அதன் பெட்டிச் சேவை கவுன்டருக்குப் போங்கள். முதல் விமானம் வேறு நிறுவனமாக இருந்தாலும், புகாரை வாங்க வேண்டியவர்கள் கடைசியில் கொண்டுவந்தவர்கள்தான்.

போர்டிங் பாஸில் ஒட்டிய சீட்டுகளில் பெட்டிக்கொரு பத்து இலக்க எண் இருக்கும். வந்த நான்கு பெட்டிகளின் எண்களோடு ஒப்பிட்டு, மிச்சமிருக்கும் சீட்டைப் பிடியுங்கள். எந்தப் பெட்டி என்று தெரியாமல் எல்லாச் சீட்டையும் நீட்டுவதால்தான் அங்கே நேரம் போகிறது. நிறம், சக்கரம் எத்தனை, உள்ளே அடையாளமாக என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். முகவரியாக ஓட்டலின் பெயரோடு அங்கே எந்தத் தேதி வரை தங்குவீர்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தேதி இல்லாவிட்டால், நீங்கள் ஊர் மாறிய பிறகு பெட்டி பழைய ஓட்டலுக்குப் போய்ச் சேரும். போன் எண்ணாக ஓட்டல் எண்ணையும் சேருங்கள்.

புகார் நகலில் பத்து எழுத்து-எண் கொண்ட கோப்பு எண் இருக்கும்: விமான நிலையக் குறியீடு மூன்று, நிறுவனக் குறியீடு இரண்டு, பிறகு ஐந்து இலக்கம். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்று குழந்தைக்கு வாங்கும் அத்தியாவசியப் பொருட்களுக்கு ரசீது வையுங்கள். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதத்துக்கான புகாரைப் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். பெட்டி உடைந்திருந்தால் 7 நாள்தான். கவுன்டரில் போட்ட அறிக்கையே இழப்பீட்டுக் கோரிக்கை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கோரிக்கையைத் தனியாக அனுப்ப வேண்டும்.

மாமியாரின் மருந்து எந்தப் பெட்டியில்?

அலைவரிசை

இ-சிம்மை அழிக்காதீர்கள்! பெரும்பாலான க்யூஆர் குறியீடுகள் ஒருமுறைதான் வேலை செய்யும். அழித்தால் புதிதாக வாங்கவேண்டி வரலாம்.

சிக்னல் இருந்து நெட் இல்லையென்றால் அநேகமாக ரோமிங்தான் காரணம். பயண இ-சிம்கள் பல வேறொரு நாட்டு நிறுவனத்துடையவை, இங்குள்ள நெட்வொர்க்கில் விருந்தாளியாக ஓடுபவை. அதனால் அந்த லைனுக்கு டேட்டா ரோமிங் போட்டே ஆகவேண்டும். மொபைல் டேட்டாவுக்குப் புதிய லைனைத் தேர்ந்தெடுங்கள், அதில் ரோமிங்கைப் போடுங்கள், வீட்டு சிம்மின் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். ஆனால் வீட்டு சிம்மையே அணைக்க வேண்டாம். வங்கி ஓடிபி அதில்தான் வரும். பிறகு விமானப் பயன்முறையை அரை நிமிடம் போட்டு எடுங்கள். அப்படியும் வராவிட்டால், விற்றவர் அனுப்பிய மின்னஞ்சலில் ஏபிஎன் (போனை நெட்டோடு இணைக்கும் அமைப்பு) பெயர் இருக்கும், அதை எழுத்துப் பிசகாமல் உள்ளிடுங்கள்.

மணல்வீடு

தூக்கத்துக்கு என் யோசனை: வெளியே வந்ததும் பிள்ளைகளை நல்ல வெயிலில் நடக்க வையுங்கள், உடல் கடிகாரம் சீக்கிரம் மாறும்.

பகலிரவு

மணல்வீடு சொல்லும் காலை வெயில், நேர வித்தியாசம் குறைவாக உள்ள கிழக்குப் பயணத்துக்குச் சரி. 8 மணி நேரம் கிழக்கே வந்தவர்களுக்குக் காலை வெயில் எதிர்மாறாக வேலை செய்யும்.

உடல் வெப்பம் மிகக் குறையும் நேரம், வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வரும். வீட்டு நேரத்தில் அது அதிகாலை 4 மணி வாக்கில், இங்கே நண்பகல் 12. அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், பின்னால் படுவது முன்னுக்கு இழுக்கும். நீங்கள் முன்னுக்குத்தான் போக வேண்டும். எனவே 12 வரை உள்ளேயே இருங்கள்: பெட்டிகளை ஓட்டலில் வைக்கச் சொல்லிவிட்டு (அறை தயாராகும் முன்பே பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்) வரவேற்பறையில் உட்காருங்கள். பிற்பகல் முழுக்க வெளியே. நாளை 11 மணியிலிருந்து, மறுநாள் 10 மணியிலிருந்து வெளிச்சத்துக்கு வாருங்கள்.

உங்கள் உடலுக்கு இப்போது ராத்திரி 11. குழந்தை தூங்கத்தான் செய்யும், தடுக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிடுங்கள். பெரியவர்களுக்கு அரை மணி போதும். 3 மணிக்கு அறை கிடைத்ததும் எல்லோரும் கட்டிலில் விழுவதுதான் முதல் நாளைக் கெடுப்பது. மாலை 7:30, 8 வரை தாக்குப்பிடியுங்கள். நள்ளிரவில் பிள்ளைகள் பசியோடு எழுந்தால் மங்கலான விளக்கில் கொஞ்சம் சாப்பிடக் கொடுத்துப் படுக்க வையுங்கள். போன் திரை வேண்டாம்.

வான்குருவி

தள்ளுவண்டி தனி பெல்ட்டில் கிடைத்தது. பெட்டிக்குப் புகார் எண் வாங்கியாயிற்று. ரோமிங் போட்டதும் நெட் வந்துவிட்டது. மருந்து கைப்பையில்தான். பால்பவுடர் எங்கள் பிராண்டு இங்கே கிடைக்காவிட்டால்?

வழித்துணை

12 மாதம் தாண்டிவிட்டதால், பசும்பால் பழக்கமிருந்தால் பாஸ்சரைஸ் செய்த முழுக்கொழுப்புப் பாலே போதும். பவுடர்தான் வேண்டுமென்றால் வயதுக்கேற்ற நிலை எண்ணைப் பார்த்து வாங்குங்கள், அந்த டப்பாவில் இருக்கும் கரண்டியையே பயன்படுத்துங்கள். ஒரு பிராண்டில் ஒரு கரண்டிக்கு 30 மில்லி, இன்னொன்றில் 60 மில்லி என்று இருக்கும். பழைய கணக்கில் கலந்தால் பால் நீர்த்துப்போகும் அல்லது கெட்டியாகி வயிற்றைப் பாதிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் கலந்து, ஆறவைத்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

ஓட்டலில் வைப்புத்தொகை கேட்டால் டெபிட் கார்டைத் தராதீர்கள். பிடித்துவைத்த பணம் திரும்பச் சில நாள் ஆகும், அதுவரை செலவுக்குக் கை கட்டிப்போகும்.