ஆஃபர் லெட்டர் வரும் முன்னே ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள், செய்யலாமா?

மேடவாக்கத்துக்காரி:

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் முதல் அழைப்பு வந்தது. இன்று மே 24. இதுவரை 6 ரவுண்டு இன்டர்வியூ. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் எனக்கு 11 ஆண்டு அனுபவம். ஆறு பேரும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றுதான் ஆரம்பித்தார்கள். நான்காமவர் கேமராவை அணைத்து வைத்திருந்தார். நான் ஆட்டோமேஷன் பற்றி மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. "ஒரு நிமிடம்" என்று எழுந்து போனவர் திரும்பவே இல்லை. மறுநாள் எச்.ஆர். மின்னஞ்சல்: "வாழ்த்துகள், அடுத்த ரவுண்டுக்குத் தேர்வாகிவிட்டீர்கள்." எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார் என்று அந்தக் குக்கரைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்தாவது ரவுண்டு நேரில், ஒரு சனிக்கிழமை, சிறுசேரியில். காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள். 'விசிட்டர்' ஸ்டிக்கரைத் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்தவளை இரண்டே காலுக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். பேசியது 18 நிமிடம். ஸ்டிக்கரை உரித்த இடத்தில் பசை நின்றுவிட்டது. இரண்டு முறை துவைத்தும், அந்தச் சதுரத்தில் மட்டும் தூசி அப்பிக்கொண்டு கறுப்பாக இருக்கிறது.

ஆறாவது முடிந்த பிறகு ஐந்து வாரம் சத்தமே இல்லை. கேட்டால் "அப்ரூவலுக்குப் போயிருக்கிறது மேடம்." இதற்கிடையே எச்.ஆர். இரண்டு முறை மாறினார். வந்தவரெல்லாம் பே ஸ்லிப்பை மறுபடி அனுப்பச் சொன்னார்கள்.

நேற்று திடீரென்று அவசரம். நான் ராஜினாமா செய்து, என் மேனேஜர் அதை ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலைக் காட்டினால் மறுநாளே ஆஃபர் லெட்டராம். 90 நாள் நோட்டீஸையும் 45 ஆகக் குறைத்துக்கொண்டு வர வேண்டுமாம். வாய்வார்த்தையில் சொன்ன சம்பளம் இப்போது வாங்குவதைவிட 30 சதவீதம் அதிகம். இல்லாவிட்டால் இந்தப் புலம்பலே இல்லை. இப்போதைய நிறுவனத்தில் வரும் ஆகஸ்ட் 18 அன்று 5 ஆண்டு முடிகிறது. என்ன செய்யட்டும்?

பழைய எச்.ஆர்.:

வேண்டாம் சகோதரி. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து "அப்ரூவல்" என்று சொன்னவன்தான். அந்த இடத்துக்கு இன்னும் பணம் ஒதுக்கவில்லை, அல்லது கிளையன்ட் கையெழுத்துப் போடவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அதுவரை ஆள் கைநழுவாமல் இருக்க ரவுண்டு மேல் ரவுண்டு வைப்போம். எங்கள் பக்கமும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு: ஆஃபரை வாங்கி அதையே காட்டி இன்னோர் இடத்தில் பேரம் பேசிவிட்டு, சேர வேண்டிய நாளன்று போனை அணைத்துவிடுகிறவர்கள். ராஜினாமா மின்னஞ்சலைக் கேட்பது அதனால்தான். ஆனால் ஆஃபரைக் கொடுத்துவிட்டுத்தான் அதைக் கேட்க வேண்டும்.

கூடுவாஞ்சேரி கணக்கர்:

கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடையை, யாரும் சொல்லவில்லையே! சட்டப்படி அதற்கு 5 ஆண்டு பணி வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்குங்கள். அடிப்படை 40,000 என்றால் 1,15,000 ரூபாய்க்கு மேல் வரும். நாளையே ராஜினாமா செய்தாலும் 90 நாளும் இருந்தால் ஆகஸ்ட் 18ஐத் தாண்டிவிடுவீர்கள். 45 நாளில் கிளம்பினால் ஜூலையிலேயே வெளியே. நான்கு ஆண்டும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, உண்மைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அலையப்போவது நீங்கள்தானே?

ஓரத்து இருக்கை:

நான் இப்படி நம்பி ராஜினாமா செய்தேன். பழைய அலுவலகத்தில் கேக் வெட்டிய அன்று மாலை "ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்று அழைப்பு வந்தது. திரும்பப் போய்க் கேட்டால் என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டார். நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். அந்தக் கேக்கில் என் பெயரையும் தப்பாக எழுதியிருந்தார்கள்.

மேடவாக்கத்துக்காரி:

மூவருக்கும் நன்றி. ஆஃபர் லெட்டர் முதலில், நோட்டீஸ் 90 நாள்தான் என்று எழுதினேன். இருபதே நிமிடத்தில் பதில்: "புரிகிறது மேடம். அதற்கு முன் எங்கள் டைரக்டருடன் ஒரு சின்ன ரவுண்டு, வியாழக்கிழமை நேரில் வர முடியுமா?" வீடியோவில் என்றால் அரை மணி நேரம் தருகிறேன், சிறுசேரிக்கு வர மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.