கோல்ஃப்ல அடிச்சு முடிச்சதும் முன்னால தள்ளாடுது: ஸ்டான்ஸ் (நிக்கற நிலை) அகலம் பத்தலைங்களா?

நொய்யல்கரை:
ஏனுங்க, வலதுகை ஆட்டம். செவன் அயர்ன் கிளப்ல (பந்தடிக்கற கோல்) பத்துப் பந்து அடிச்சா நாலு ஹீல் பக்கம், அதாவது கிளப் முகத்துல தண்டை ஒட்டின பக்கம் படுது, ஒண்ணு ரெண்டு ஷாங்க் ஆயிருது, கிளப் கழுத்துல பட்டு ஓரமாப் பறக்குது. முடிச்சதும் பந்து இருந்த பக்கமே ஒரு எட்டு வெச்சிடறேன். கால் தோள் அகலம், முட்டி நல்லா மடக்கி, எடை விரல் மேல. இன்னும் அகலமா நிக்கோணுங்களா?

எட்டாம் அயர்ன்:
அகலத்தைத் தொடாதீங்க. "முட்டி நல்லா மடக்கி, எடை விரல் மேல"ன்னு எழுதியிருக்கீங்களே, வினையே அங்கதான். முட்டியை மடக்கி உட்கார்ந்தா இடுப்பு மடியாது, முதுகு கூனும், எடை விரலுக்கு ஓடும். டவுன்ஸ்விங் (கிளப் கீழே வர்ற வீச்சு) வேகத்துல உடம்பு மூணு நாலு சென்டிமீட்டர் முன்னால போனாப் போதும், கிளப் முகத்து நடுவுல படவேண்டிய பந்து, முகமும் தண்டும் சேர்ற கழுத்துல பட்டுடும்.

நிமிர்ந்து நில்லுங்க. கிளப்பைத் தொடையும் வயிறும் சேர்ற மடிப்புல குறுக்கே வெச்சு உள்ளே அழுத்துங்க. பின்புறம் பின்னுக்குப் போகும், முதுகு நேராவே சாயும். முட்டியை இறுக்கம் விடற அளவுக்கு மட்டும் தளர்த்துங்க. கை தோளுக்கு நேர்கீழே தொங்கட்டும். எடை ஷூ லேஸ் முடிச்சுக்கு அடியில இருக்கணும். சந்தேகம்னா ரெண்டு இஞ்ச் குதிச்சு இறங்குங்க. விழாம இறங்கற அந்த நிலைதான் உங்க உடம்பு கேட்கற ஸ்டான்ஸ்.

கிளப் முகத்துல டால்கம் பவுடரை லேசாத் தடவி அடிச்சா, பந்து பட்ட இடம் தெளிவாத் தெரியும். யூகிக்க வேண்டியதில்ல.

தென்னந்தோப்பு:
மேல சொன்னது நிக்கறதுக்கு. ஆனா பேலன்ஸ் நிக்கறதுல பாதிதானுங்க, மீதி நகர்றதுல இருக்குது. சிலை மாதிரி நின்னு கையால மட்டும் அடிச்சா, கிளப் இழுக்கற பக்கம் உடம்பு போயே தீரும்.

முக்கால் வாளித் தண்ணியை இடதுபக்கம் இருக்கற தென்னை மூட்டுக்கு வீசிப் பாருங்க. வாளி வலப்பக்கம் போறப்ப எடை வலது பாதத்தோட உள்பக்கத்துல ஏறும். வாளி இன்னும் பின்னால போயிட்டிருக்கறப்பவே இடது கால் தரையை மிதிச்சிருக்கும், அப்புறந்தான் கை வரும். யாரும் சொல்லிக்குடுக்காமலே உடம்புக்குத் தெரிஞ்ச வரிசை இது. கிளப்புலயும் அதேதான். கால்களைச் சேர்த்து நின்னு பின்னால கொண்டுபோங்க, கிளப் மேல சேர்றதுக்கு முன்னால இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வெச்சு வீசுங்க. முதல் இருபது தடவை பந்து வேண்டாம்.

காலை ரேஞ்ச்:
தோப்பு அண்ணன் சொன்ன பயிற்சி நல்லதுதான், ஆனா ஷாங்க் இருக்கறப்ப அதை முதல்ல எடுக்க வேண்டாம். எட்டு வெச்சு அடிக்கறதுல பந்துக்கும் உடம்புக்கும் உள்ள தூரம் மாறி, குழப்பம் கூடும். முதல்ல குதிகால்களுக்கு நடுவுல ஒரு உள்ளங்கை அகலம் விட்டு, பாதி ஸ்விங்ல பந்தை அடிங்க. விரல் பக்கம் சாஞ்சா அந்த நொடியே தெரியும். ஃபினிஷ்ல (வீசி முடிச்ச நிலையில) வலது கால் விரல் நுனி மட்டும் தரையைத் தொட, மூணு எண்ற வரைக்கும் நிக்கணும். அது வந்தப்புறம் எட்டு வைங்க.

இடது பாதம் இருபது, முப்பது டிகிரி வெளியே திரும்பியிருக்கட்டும், இடுப்பு சுத்த வழி கிடைக்கும். தூரமா அடிக்கற நீளக் கிளப்பான டிரைவருக்குக் குதிகால்களோட உள்பக்கம் தோள் அகலம், கிட்டத்துல அடிக்கற குட்டைக் கிளப்பான வெட்ஜுக்கு அதைவிடக் குறுகல்.

அகலம் கூட்ட ஒரு நேரம் உண்டு. ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து கோயம்புத்தூர் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துல அடிக்கறப்ப ரெண்டு இஞ்ச் கூட்டி, கிரிப்பை ஒரு இஞ்ச் இறக்கிப் பிடிச்சு, முக்கால் ஸ்விங்ல அடிங்க.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. வலது குதிகாலை எப்பத் தூக்கோணும்?

தென்னந்தோப்பு:
நீங்க தூக்காதீங்க. இடுப்பு திரும்பறப்ப பாதம் உள்பக்கமா உருண்டு, குதிகால் தானா எழும். முன்னாடியே தூக்கினா வலது முட்டி பந்துப் பக்கம் பாயும், ஷாங்க் மறுபடி வந்துரும்.