விபத்துக்கு அப்புறம் மகளின் பயம் போகவில்லை, யாரிடம் காட்டலாம்?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். இரண்டு மாதம் முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, 9 வயது மகளுக்குக் கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்தாச்சு, எலும்பும் கூடிவிட்டது. ஆனால் பஸ் ஹாரன் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறாள். ராத்திரி திடுக்கிட்டு எழுந்து, கட்டு போட்டிருந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறாள்.

பயந்த கோளாறு என்று மாமியார் சொன்னார், மந்திரித்தும் பார்த்தோம். வைத்தியம் பார்த்த இடத்தில் எக்ஸ்ரே மட்டும்தான் பார்த்தார்கள். தூங்குகிறாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

முதல் சில வாரம் இப்படி இருப்பது இயல்பு, பல பிள்ளைகளுக்குத் தானாகத் தணியும், ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் காட்ட வேண்டும் என்று படித்தேன். இந்தப் பயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, 8 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளிடம் கேட்க 8 கேள்விகள் கொண்ட படிவமே இருக்கிறது. மாத்திரையைவிட, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவைத்துப் பயத்தைக் குறைக்கும் சிகிச்சைக்குத்தான் முதலிடமாம்.

புதுச்சேரி ஜிப்மர் மனநலப் பிரிவுக்குக் குழந்தையைக் கூட்டிப்போனவர்கள் இருக்கிறீர்களா? எந்தக் கிழமை போகலாம்? இந்தச் சிகிச்சையைத் தமிழில் தருபவர் கடலூரிலேயே உண்டா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ல் பேசியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், பள்ளியில் டீச்சரிடம் இதை எப்படிச் சொன்னீர்கள்?