எட்டாயிரம் டாலர் பல்பும் இடிபட்ட தேவாலயமும்

தெற்குவாசல்: வாஷிங்டனில் 'கிறிஸ்தவ விஞ்ஞானம்' என்ற சமயப் பிரிவின் மூன்றாம் சபைக் கட்டடம் வெறும் கான்கிரீட் பதுங்குகுழியாம், 2014இல் அதை இடித்தது நகரத்துக்குச் செய்த புண்ணியமாம். இந்த மன்றத்தின் வேறோர் இழையில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு. கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய்யின் நிறுவனத்தில் இருந்த அரால்டோ கொசுட்டா வடிவமைத்து, 1971இல் முடிந்த எண்கோணக் கட்டடம் அது. வெள்ளை மாளிகைக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில், பதினாறாம் தெருவும் ஐ தெருவும் சந்திக்கும் மூலையில், சன்னல் இல்லாத வெற்றுச் சுவரோடு நின்றது. அந்தச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கான்கிரீட்டில் மணிகள் தொங்கின. எந்தப் பதுங்குகுழியில் ஐயா மணி தொங்குகிறது? எல்லாம் "பல்பு மாற்ற 8,000 டாலர்" என்ற கதையைக் கேட்டு மயங்கியவர்களின் பேச்சு.

வடகரையான்: அந்த மேதாவி நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். கதை என்கிறீர்களே, கூரை விளக்கை எட்டச் சாரம் கட்ட வேண்டியிருக்கிறது, 8,000 டாலர் வரை ஆகிறது என்று சொன்னவர்கள் சபையார். பணம் கட்டியவர்கள் அவர்களா, நீங்களா?

தெற்குவாசல்: சாரம் ஒருமுறை கட்டினால் எல்லாப் பல்பையும் மாற்றிவிடலாம். ஒரு பல்புக்கு 8,000 என்பது போல ஊரெல்லாம் பரப்பியது யார்?

வடகரையான்: ஒரு பல்புக்கு என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள்.

அமுதா: பல்பை அணைத்துவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். இடிக்க முடியாதபடி வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கக் கோரி 1991இலேயே விண்ணப்பம் போனது. நகரத்தின் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு வாரியம் அறிவித்தது 2007 டிசம்பரில், அதுவும் சபையாரின் எதிர்ப்பை மீறி. மத உரிமை பறிபோகிறது என்று அவர்கள் 2008இல் வழக்குப் போட்டார்கள். 2009 மே மாதம் மேயரின் பிரதிநிதி இடிக்க அனுமதி கொடுத்தார். கும்பிடுகிறவர்களுக்கே வேண்டாத கட்டடத்தை அரசு அவர்கள் தலையில் கட்டலாமா என்பதுதான் கேள்வி.

தெற்குவாசல்: கேள்வி அதுவல்ல அம்மா. அந்த அனுமதியே செலவுக் கணக்கைக் காட்டி வாங்கியது. செலவுக் கணக்கு என்றதும் எல்லார் வாயிலும் வந்தது பல்பு. பாஸ்டனைப் பாருங்கள். அதே சபையின் தலைமையகம், அதே நிறுவனம், அதே கொசுட்டா, அதே கான்கிரீட். 2011இல் நகரச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்றிவிட்டார்கள். அங்கே மட்டும் பல்பு ஃபியூஸ் போகாதா? அல்லது பாஸ்டன்காரர்கள் இருட்டில் ஜெபிக்கிறார்களா?

வடகரையான்: தலைமையகத்தின் கஜானாவும் ஐம்பது அறுபது பேர் கூடுகிற சபையின் உண்டியலும் ஒன்றா? நானூறு பேர் உட்காரும் அரங்கை அவர்கள் எதை வைத்துப் பராமரிப்பது? உங்களுக்குக் கணக்கு வராது என்பது பாலம் இழையிலேயே தெரிந்ததுதானே.

தெற்குவாசல்: பாலம் இழையில் என் கணக்குச் சரி. நீங்கள்தான் பாதியில் ஓடினீர்கள்.

வடகரையான்: ஓடவில்லை. மட்டுறுத்துநர் இழையைப் பூட்டினார். பூட்ட வைத்தது யாருடைய வாய் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஏட்டுச்சுரைக்காய்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். சின்னமாக அறிவித்தபோது வெறும் 36 வயது. அந்தக் கட்டடத்துக்கு என்ன பாரம்பரியம்? என் மேசை அதைவிடப் பழையது.

தெற்குவாசல்: மேசையை யார் வடிவமைத்தது என்று சொல்லுங்கள், விண்ணப்பம் நானே எழுதித் தருகிறேன். பல்புக்கு வருவோம். அந்த அரங்குக்குள் ஆளை உயர்த்தும் நகரும் மேடையைக் கொண்டுபோக முடியாதா? நீளக் கோல் கிடையாதா? கட்டட மேற்பார்வையில் தலை நரைத்தவன் நான், எனக்கே சாரத்தைப் பற்றிப் பாடமா?

அமுதா: சாய்வான இருக்கை வரிசை மேல் மேடையை எப்படி உருட்டுவீர்கள்?

தெற்குவாசல்: சாய்வு என்று யார் சொன்னது? வரைபடம் காட்டுங்கள்.

வடகரையான்: அவரிடம் வரைபடம் கேட்கிறவர் முதலில் தம் மேற்பார்வைச் சான்றிதழைக் காட்டட்டும்.

ஏட்டுச்சுரைக்காய்: தேக்கு மேசை. தாத்தா செய்தது. விண்ணப்பம் எப்போது வரும்?

தெற்குவாசல்: வரைபடம் வரட்டும். அதுவரை 8,000 பொய்தான். பொய், பொய், பொய்.